பதினேழாவது கட்டம்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கற்பூரம் ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைக்கலாம்.

பொன்னம்பலம் மைக்கைப் பிடித்துவிட்டார்.



யோகோஹாமா. புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மகன் வீட்டுக்குப் பின்தெருவில் உள்ள முதியோர் மன்றம். பதினேழு நாற்காலி, ஒரு டிவி, ஒரு கரோக்கே பெட்டி. பெட்டி பழைய பாட்டுகளின் இசையை மட்டும் வாசிக்கும். திரையில் வரி ஓடும். பாடி முடித்ததும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும்.

எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒரு துறைமுகம் வரும். பனி பெய்யும். படகு போயிருக்கும். ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

சுவரில் ஒரு பட்டியல். ஆளுக்கு ஒரு கட்டம். பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் தொங்குகிறது. ஒருவர் முதல் தடவை பாடியதும், அந்தப் பாட்டை அவர் பெயருக்கு எதிரே எழுதிவிடுவார்கள்.

பதினாறாவது கட்டம் அவர் மனைவி நாச்சம்மாளுடையது. வந்த இரண்டாம் வாரமே பாடிவிட்டாள். எழுபத்தெட்டு மார்க்.

பதினேழாவது அவருடையது. பெயர் மட்டும் இருக்கிறது. பொன்-சான். பொன்னம்பலம் என்ற பெயர் அவர்கள் வாயில் அவ்வளவுதான் நுழைந்தது; 'சான்' மரியாதைக்கு.

எதிரே பாட்டு இல்லை. பதினோரு புதன்கிழமையாக இல்லை.

நாளைக் காலை விமானம். இன்றைக்கு விட்டால், உடுமலைப்பேட்டையில் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் நாச்சம்மாள் அந்த எழுபத்தெட்டைச் சொல்லியே மிச்ச ஆயுளை ஓட்டிவிடுவாள்.

பெட்டியில் இசை தொடங்கக் காத்திருந்தார். தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார்.

"ஏனுங்க, பாடப்போறீங்களா, இல்ல செருமிக்கிட்டே இருக்கப்போறீங்களா? அதுக்குள்ள பிளேன் கெளம்பிரும்."

பின் நாற்காலியிலிருந்து அவள்தான்.

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஊரிலிருந்து கொண்டுபோன தினசரிக் காலண்டரில் கிழித்தது. பின்பக்கம் பாட்டு முழுவதும் தமிழ் எழுத்தில். வாராவாரம் காதால் கேட்டுக் கேட்டு எழுதியது. முன்பக்கம் ராகு காலம்.

இசை வந்தது.

தாளம் போட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

அது மொரீதாவின் பாட்டு. மொரீதா மன்றத் தலைவர். தொண்ணூற்றொரு வயது. எட்டாவது கட்டம். ஒருவர் பாட்டை இன்னொருவர் தொடுவதில்லை என்பது அங்கே வழக்கம். இதைப் பொன்னம்பலத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இப்போது பதினைந்து முகங்களைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது.

மைக்கைக் கீழே வைக்கப் போனார்.

மொரீதா எழுந்தார். தடியை ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். அவரைத் தாண்டிப் பெட்டியிடம் போனார். குனிந்து, குரலை எதிரொலிக்க வைக்கும் எக்கோ குமிழை இரண்டு சுற்றுக் கூட்டி வைத்தார்.

போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் என்ன. பொன்னம்பலம் பாடினார்.

மூன்றாவது சரணத்தில் படகு போகிறது. அந்த இடத்தில் ஒரு நீண்ட 'ஓ' வரும். அதைப் பிடித்தார். விடவில்லை.

திரையில் வரி முழுக்க நிறம் மாறிவிட்டு அவருக்காகக் காத்திருந்தது. செயலாளர் ஃபூமிகோ அம்மாள் எழுந்துபோய், தண்ணீரைக் கொதிக்க வைத்து, பதினாறு கோப்பையில் தேநீர் ஊற்றி, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். 'ஓ' அங்கேயே இருந்தது. பக்கத்து ஸ்டேஷனில் கிளம்பவிருந்த ரயில், எதிரே இன்னொரு வண்டி ஊதுகிறது என்று நினைத்து நின்றுவிட்டது. நாற்பது விநாடி தாமதம். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மன்ற வாசலுக்கே வந்தார். இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவருக்கும் ஒரு கோப்பை தேநீர் கொடுத்தார்கள்.

பெட்டி மார்க் போட்டது.

நூற்றுக்கு நூற்றுநான்கு.

பழுது என்று ஃபூமிகோ அம்மாள் சந்தேகப்பட்டார். சரிபார்க்க மொரீதாவையே பாட வைத்தார்கள். எண்பத்தொன்று. எப்போதும் வருவதுதான். பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

மொரீதா சுவரிடம் போனார். எட்டாவது கட்டத்தில் இருந்ததைத் தன் கையாலேயே அழித்தார். பென்சிலை எச்சில் தொட்டு, பதினேழாவது கட்டத்தில் எழுதினார். நூல் அவ்வளவு தூரம் எட்டவில்லை. அறுத்துவிட்டு எழுதினார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

நாச்சம்மாள் தட்டவில்லை. காலண்டர் தாளை அவரிடமிருந்து வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பரவாயில்லீங்க" என்றாள்.

கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. ரயிலைக்கூட நம்பிவிடலாம், இதை நம்பக் கஷ்டம்தான். ஆனாலும் நடந்தது.

இந்தப் புத்தாண்டுக்கு ஃபூமிகோ அம்மாள் மன்றத்துச் சுவரைப் படம் எடுத்து நாச்சம்மாளின் போனுக்கு அனுப்பியிருக்கிறார். பென்சில் அறுபடாத நூலில் தொங்குகிறது. எட்டாவது கட்டத்தில் மொரீதாவின் பாட்டு இருக்கிறது. பதினேழாவதில் பொன்-சான் என்ற பெயரை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள், எதிரே வெறும் வெள்ளை.