நடுவரின் மன்னிப்புக் கடிதம்

“இன்னும் கொஞ்சம் பணிவா எழுதுங்க சார்,” என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். “‘வருந்துகிறேன்’னா ஏதோ துக்கம் விசாரிக்கப் போன மாதிரி இருக்கு. ‘மன்னிப்புக் கேட்கிறேன்’னு போடுங்க.”

நடுவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். பதினேழு வருடம் மைதானத்தில் விசில் ஊதியவர். இருபத்திரண்டு பேரை அடக்கி ஆண்டவருக்கு ஒரு வரி எழுத வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்ட்டி, அதையொட்டி வாக்குவாதம், தள்ளுமுள்ளு, நடுவே பளாரென்று ஓர் அறை. பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். இன்று செவ்வாய்க்கிழமை. வாசலில் நிருபர் கூட்டம் என்று செயலாளர் கதவைத் தாழிட்டு, சன்னல் திரையையும் இழுத்துவிட்டிருந்தார். மின்விசிறி பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

“எனக்குக் கை வரல சார்.”

“வராதுதான். மானஸ்தன் நீங்க, எனக்குத் தெரியாதா? ஆனா வெள்ளிக்கிழமை சர்வதேச நடுவர் பட்டியல் போகுது. உங்களுக்கு வயசு நாற்பத்தஞ்சு. இதை விட்டா அப்புறம் வெளிநாட்டு ஆட்டத்தை டிவியிலதான் பார்க்கணும். அந்தப் பட்டியல்ல கையெழுத்துப் போடறது யாரு? நம்ம தலைவர்.”

தலைவர் என்றால் சும்மா தலைவர் இல்லை, அமைச்சர். மைதான ஒழுங்கைப் பற்றி அவர் முழங்காத மேடை கிடையாது. ‘கை நீட்டியவன் எவனாக இருந்தாலும் மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது’ என்ற அவருடைய பொன்மொழி, கண்ணாடி போட்டு செயலாளரின் தலைக்கு மேலேயே தொங்கியது. நடுவர் நிமிர்ந்தால் அதில்தான் முழிக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு கோல்கீப்பர் இதே நடுவரைத் தோளைப் பிடித்துத் தள்ளினான். நடுவர் அதை ஆட்ட அறிக்கையில் எழுதினார். அவர் எழுதினால்தான் சங்கத்தைப் பொறுத்தவரை அது நடந்தது. எழுதாவிட்டால் நடக்கவே இல்லை. ஒரே வரி, மூன்று வருடத் தடை. அவன் இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறான்.

“ஞாயித்துக்கிழமை அறிக்கை இன்னும் வரலையே?” என்றார் செயலாளர். “அதுல என்ன எழுதறதா உத்தேசம்?”

உண்மையை எழுதினால் பட்டியலிலிருந்து நடுவரின் பெயர் போகும். எழுதாவிட்டால் அந்தக் கோல்கீப்பர் எதிரில் வந்தால் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“தோளைத் தொட்டவனுக்கு மூணு வருஷம். போன வாரம் சட்டசபையில நாற்காலியைத் தூக்கி அடிச்சாங்களே, அவங்களுக்கு என்ன சார் தண்டனை? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?”

“ஐயையோ, அரசியலை ஏன் இங்க இழுக்கறீங்க? அவங்க மக்களுக்காகக் கோபப்படறவங்க. நாம சம்பளத்துக்கு விளையாடற கும்பல். அங்க அது ஆவேசம், இங்க அது ஒழுங்கீனம்.” சொல்லிவிட்டுத் தன் வசனத்தைத் தானே ரசித்துச் சிரித்தார். நடுவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருட்டென்று எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தார்.

“போங்க, தாராளமாப் போங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இப்படித்தான் முறுக்கிக்கிட்டுப் போனாரு. இப்ப பள்ளிக்கூட மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டிருக்காரு.”

கை தாழ்ப்பாளிலேயே நின்றது. அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன். பழக்கத்தில் இடது காதில் வைத்தவர், சட்டென்று வலது காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“இன்னுமா எழுதல? எழுதிக் குடுத்துட்டு வாங்க.”

“நீயுமா இப்படிச் சொல்ற?”

“வேற என்னங்க சொல்ல? அரிச்சந்திரன் பொண்டாட்டியா இருந்து நான் பட்டது போதும். ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்திருக்கீங்க. பதினேழு வருஷக் கனவு, ஒரு காகிதத்துக்காக விட்டுடாதீங்க...” மேற்கொண்டு பேச முடியாமல் அழுதாள்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். அழுகிறவளிடம் என்ன பேசுவது? திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இதற்காகவே காத்திருந்தவர்போல, செயலாளர் இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். தட்டச்சாகித் தயாராகவே இருந்தன. ஒன்று ஆட்ட அறிக்கை: ‘குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் இல்லை.’ மற்றது கடிதம்: ‘ஞாயிறன்று நடந்த அசம்பாவிதத்துக்கு நானே முழுக் காரணம். மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்கிறேன்.’

“ஒண்ணுல, ஒண்ணுமே நடக்கலைங்கறீங்க. இன்னொண்ணுல, நடந்ததுக்கு மன்னிப்புங்கறீங்க. ரெண்டுலயும் எப்படி சார் கையெழுத்துப் போடறது?”

“ஒவ்வொண்ணாப் போடுங்க.”

போட்டார். அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது.

“இதோட என்னை விட்டுடுவீங்கல்ல?”

“விட்டாச்சு சார்! இந்தக் கடிதத்தை மட்டும் நீங்களே தலைவர் வீட்டுக்குப் போய் அவர் கையில குடுத்துடுங்க.”

“தபால்ல அனுப்பினா ஆகாதா?”

“நேர்ல போய் நாலு வார்த்தை நலம் விசாரிக்கறதுதானே மரியாதை? பாவம், உங்களை அறைஞ்சதுல அவருக்கு மணிக்கட்டு பிசகிடுச்சு!”