வெந்நீர் வைத்தால் குளிப்பார்

கொச்சி மட்டாஞ்சேரியில் அந்த வீட்டுக்கு வழக்கமாகப் போகிற நர்ஸ் அன்று லீவு. "மனநல வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பின ஆள். தன் வேலையைத் தானே பார்த்துக்க முடியுதான்னு கேட்டுட்டு வா" என்று அவளுக்குப் பதிலாக நர்ஸ் பிந்துவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

கட்டிலில் தங்கவேல் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செல்வி வாசலில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிந்து கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "சேட்டா, குளிச்சாச்சா?"

"அவ வெந்நீர் வைக்கணும்."

"சாயா போடத் தெரியுமா?"

"அவ போடுவா."

"இந்தச் சட்டை?"

"அவ எடுத்துக் கொடுத்தது."

"இன்னைக்கு என்ன கிழமை?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "செல்வி, என்ன கிழமை?"

"புதன்!"

"மாத்திரை?" என்றாள் பிந்து.

செல்வியே முந்திக்கொண்டாள். "ஒரு வேளைகூடத் தப்பல சிஸ்டர்."

இத்தனையையும் ஒருத்தியே இழுத்துக்கொண்டு போகிறாளே என்று பிந்துவுக்கு மனசு கனத்தது. கிளம்பும்போது செல்வியிடம் குரலைத் தாழ்த்தினாள். "சேச்சி, எதுவும் சரியா இல்ல. மறுபடி ஆஸ்பத்திரியில சேர்க்கறதுதான் நல்லது."

செல்வியின் கையிலிருந்த மீன் நழுவி விழுந்தது.

"ஏன் சிஸ்டர்? சமையல், துணி, கடை கண்ணி எல்லாம் பார்த்துக்கறேன். மாத்திரையும் விடாம முழுங்கறேன். இன்னும் நான் என்ன செய்யணும்?"

பிந்து திகைத்துப்போய்க் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப, சேட்டனுக்கு?"

"அவருக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். கட்டின நாள்லேர்ந்தே இப்படித்தான்."