வெறுங்கையோடு

"அந்த ஓரின் இன்னும் பாத்திரத்தைத் திருப்பித் தரல, பாத்தியா?" என்றாள் ஆர்டித்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்துப் புதன்கிழமை. ஆலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் மாலைச் சாப்பாட்டுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. ஓவன் அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரங்கள் போதவில்லை.

"உன்னோடதுமா அங்க இருக்கு?" என்றாள் வெர்னா.

"என்னோடது, உன்னோடது, எல்லாரோடதும்தான். டெலோரிஸ் போனது அக்டோபர்ல. இப்ப மார்ச். பொண்டாட்டி போன கையோட மனுஷன் பாத்திரக்கடை வைக்கப்போறாரோ என்னவோ."

கேரட் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சபைப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் இறைச்சியுமாகச் சுட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருக்கும். காலியானதும் கழுவி, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் தன் கணவர் கார்ல் இறந்தபோது, அடுத்த ஞாயிறே எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தவள் வெர்னா. புருஷன் செத்த துக்கத்திலும் எவ்வளவு ஒழுங்கு என்று ஊரே மெச்சியது.

"ஞாயிறு தவறாம வர்றாரு. கடைசி பெஞ்சுல உக்காந்து பாட்டெல்லாம் பாடுறாரு," என்றாள் ஆர்டித். "வெறுங்கையோட வந்து வெறுங்கையோட போறாரு. விசுவாசம் நடத்தையில தெரியணும்னு பாஸ்டர் அன்னைக்கு அவ்வளவு நேரம் பேசினாரே, இவரு தூங்கிட்டாரு போல."

வெர்னா ஏப்ரனை அவிழ்த்தாள். "நான் போய் எல்லாத்தையும் வாங்கிட்டு வந்துடறேன்."

"புண்ணியமாப் போகும். எங்களுக்கு ஏது நேரம்?"

ஓரினின் வீடு ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. வாசல்வரை பனியை அகலமாக வாரித் தள்ளியிருந்தார், இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அளவுக்கு. அந்தப் பாதையில் அவருடைய பூட்ஸ் தடம் மட்டும் போய் வந்திருந்தது.

அவள் தட்டி முடிப்பதற்குள் கதவு திறந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார்.

"வா வெர்னா. காபி ரெடியா இருக்கு."

"நான் வருவேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. தினமும் இந்த நேரத்துக்குப் போட்டு வைக்கிறதுதான்."

சாப்பாட்டு மேசையில் பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கீழே சுத்தமான துண்டு. ஒன்றிரண்டில் பழைய டேப் உரிந்துபோக, அவர் புது டேப் ஒட்டி, நடுங்கும் எழுத்தில் பெயர் எழுதியிருந்தார்.

"எல்லாம் கழுவித்தான் இருக்கு போல," என்றாள் வெர்னா.

"அப்பவே கழுவிட்டேன்."

"அப்பவே ஆலயத்துக்குக் கொண்டு வந்திருக்கலாமே ஓரின். அங்க பாத்திரம் இல்லாம திண்டாடுறோம்."

அவர் இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றினார். "நீ கொண்டு வந்தது நல்லா இருந்துச்சு. மேல அந்த வெங்காயம் மொறுமொறுன்னு. டெலோரிஸ் எப்பவும் தீய விட்டுடுவா."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்து, பாத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

அவர் கையை நீட்டித் தடுத்தார். "உன்னோடதை மட்டும் எடுத்துக்கோ."

"மத்ததையும் நானே குடுத்துடறேன். அவங்களுக்கு ஒரு நடை மிச்சம்."

"அதனாலதான் வேணாங்கிறேன்." மேசைத் துண்டின் சுருக்கத்தை நீவினார். "அந்த வாரம் எல்லாரும் வந்தீங்க. வாசல்லயே குடுத்துட்டு, எதுனாலும் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க. என்னன்னு சொல்லிக் கூப்பிடறது? சும்மா வந்து உக்காருங்கன்னா ஃபோன் பண்ண முடியும்? பாத்திரத்தைக் கேட்டாவது வருவாங்கன்னு பாத்தேன்."

கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி, "நீதான் முதல்ல வந்திருக்கே," என்றார்.

எதுனாலும் கூப்பிடுங்க என்று முதலில் சொன்னவள் தான்தான் என்பது வெர்னாவுக்கு நினைவு வந்தது. காரின் எஞ்சினைக்கூட அணைக்காமல் வந்து சொன்னாள்.

தன் பாத்திரத்தைக் கையில் வைத்தபடி நின்றாள். கார்ல் போன பிறகு அவள் வீட்டுக் கதவையும் யாரும் தட்டியதில்லை. தட்டுவதற்கு ஒரு காரணத்தைக்கூட அவள் மிச்சம் வைக்கவில்லை.

பாத்திரத்தைப் பழைய இடத்திலேயே கவிழ்த்தாள். "இன்னும் கொஞ்சம் காபி இருக்கா?" என்று கேட்டு உட்கார்ந்தாள்.

அவள் திரும்பியபோது ஆலயத்தில் மேசைகள் போட்டாகிவிட்டது.

"பாத்திரம் எங்க?" என்றாள் ஆர்டித்.

"குடுக்க மாட்டேங்கிறாரு. அவங்கவங்க நேர்ல வந்து வாங்கிக்கணுமாம்."

"இது என்ன கூத்து? உன்னோடதையாவது வாங்கினியா?"

"இல்ல. அதுக்கு அடுத்த வாரம் மறுபடி போகணும்."

"ரொம்பத்தான் இடம் குடுக்கிறே," என்று ஆர்டித் சூப்பைக் கிளறப் போனாள்.

அன்று மீந்த சூப்பை ஆர்டித்தின் சூப் பாத்திரத்தோடே வெர்னா வீட்டுக்கு எடுத்துப் போனாள். கழுவித் துடைத்து, பெயர் தெரியும்படி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வெறுங்கையோடு போனாள்.