மாஸ்டர் இல்லாமல் ஒரு லாட்

"இன்னைக்கு உங்கள உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர், மாஸ்டர்." ஃபினிஷிங் ஷெட் வாசலில் வாட்ச்மேன் வசந்த் கையை நீட்டி மறித்தான். ஆம்பூரின் அந்தத் தோல் கம்பெனியில் தோலுக்குச் சாயம் கலந்து அடிக்கும் கலர் மாஸ்டர் என்றால் குட்டி ராஜா. மாஸ்டர் சுந்தர்ராஜுக்குச் சுருக்கென்றது.

காரணம் தெரிந்ததுதான். ஆளாளுக்குத் தெரிந்த வேலை நுணுக்கமெல்லாம் கம்பெனியின் சொத்தாகப் பதிவாக வேண்டும் என்று போன மாதம் எல்லோரையும் வீடியோ எடுத்தார்கள். அந்த வீடியோவை மட்டும் பார்த்து, மாஸ்டர் இல்லாமலே இன்று ஒரு லாட் தோலுக்குக் கலர் அடிக்கிறார்கள். ஆர்டர் கொடுக்க வந்த ஜெர்மன் பையரும் உள்ளே நிற்கிறார்.

வேலையைக் கறந்துகொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மாஸ்டருக்குப் பயம். அதனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் முழுங்கிவிட்டார். யாரும் பார்க்காத நேரத்தில் கலர் கலவையில் அவர் கொஞ்சம் பசும்பால் ஊற்றுவார். ராணிப்பேட்டையில் தொழில் கற்றுக்கொடுத்தவர் காதோடு சொன்ன ரகசியம். பால் விடாமல் அவர் ஒருநாளும் ஸ்ப்ரே அடித்ததில்லை.

அவர் இருக்கும்போதே தினமும் சில தோல்கள் திட்டு விழுந்து கழிபடும். அவர் இல்லாவிட்டால் கேட்கவா வேண்டும்? நன்றாகப் படட்டும், அப்போது தெரியும் நம் அருமை என்று கறுவிக்கொண்டு நின்றார்.

மதிய பெல் அடித்தது. தையல் பிரிவிலிருந்து மனைவி ஜெயசீலி வேகமாக வந்தாள்.

"இன்னாங்க, இந்த ஆர்டர் போச்சுன்னா எங்க லைனையே மூடிடுவாங்களாமே? அத்தன பொம்பளைங்களும் எங்க போவோம்?"

வீம்புக்கு இத்தனை பேர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று மாஸ்டருக்கு உறைத்தது. வசந்தின் கையைத் தட்டிவிட்டு உள்ளே ஓடினார்.

பையர் தோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். குவாலிட்டி மேனேஜர் ஜெனிஃபாவின் முகத்தைப் பார்க்க மாஸ்டருக்குத் துணிவில்லை.

"மன்னிச்சிடுங்க மேடம். வீடியோல ஒண்ண மறைச்சிட்டேன். கலவைல பால் ஊத்தணும். நான் தினமும் ஊத்துவேன். என் வேலை போனாலும் பரவால்ல, இன்னொரு லாட் போட மட்டும் சான்ஸ் குடுங்க."

ஜெனிஃபா ஒரு தோலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். எதிலும் ஒரு திட்டுகூட இல்லை.

"தினமும் திட்டு எதனால விழுதுன்னு இத்தன வருஷமா தேடிட்டு இருந்தோம், மாஸ்டர்."