சுகிர்தம்மாளின் வெள்ளிக்கிழமை

“கல்லுல அதை மட்டும் வெட்டாதீக தம்பி. அது பொய்யி.”

மாடியில் கூடியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்னவர் வெள்ளைத்துரை. ஒத்தக்கடையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். நெற்றி நிறையத் திருநீறோடு, கடைசி வரிசையில் அதுவரை அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் சுகிர்தம்மாள் இறந்து ஒரு வருஷம். தல்லாகுளம் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டு நினைவுக் கூட்டம். பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, மகன் தேவாசீர்வாதம் அப்போதுதான் கல்லறையில் பொறிக்கப் போகிற வாசகத்தைப் பெருமையாக வாசித்திருந்தார்.

‘வெள்ளிதோறும் உபவாசமிருந்து ஊழியம் செய்த தாய்.’

“எதுண்ணே பொய்?” என்றார் தேவாசீர்வாதம்.

“அந்த உபவாசந்தான். வெள்ளிக்கிழமையானா அம்மாவுக்கு நம்ம கடையிலதான மத்தியானச் சாப்பாடு!”

எதைக் கேட்டாலும் ‘ஆமென்’ சொல்லிப் பழகிய பெரியவர் ஒருவர் இதற்கும் ‘ஆமென்’ சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஊர் முழுக்கத் தெரிந்த உபவாசம் அது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வாய் கடுங்காப்பியோடு சுகிர்தம்மாள் பஸ் ஏறிவிடுவார். மேலூர் ரோட்டோரக் கிராமங்களில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயத்தான் திரும்புவார். சோறு கட்டிக் கொடுத்தால் வாங்க மாட்டார்.

ஒருமுறை ஆயர் பிரசங்கத்தில் அதைப் புகழ்ந்து சொல்ல, ஆராதனை முடிந்ததும் சுகிர்தம்மாள் அவரிடம் போய், “ஐயா, என்னைப் பத்தி இனிமே அப்படிச் சொல்லாதீங்க” என்றார். ஆயர் அடுத்த வாரம் அவருடைய தாழ்மையையும் சேர்த்துப் புகழ்ந்தார். பாவம், அதற்குமேல் அவர்தான் என்ன செய்வார்!

“நீங்க வேற யாரையாவது பாத்திருப்பீங்கண்ணே.” தேவாசீர்வாதம் மறுத்தார். சபை முழுக்க முன்னால் இருக்க, அம்மாவின் பேர் இப்படிச் சந்தி சிரிப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

“எம் பிள்ளைக அம்புட்டுக்கும் பேறுகாலம் பாத்த மகராசிய எனக்குத் தெரியாதா தம்பி? வத்தக்கொழம்புன்னா அம்மாவுக்கு உசுரு. கேட்டு வாங்கி ஊத்திக்கிருவாக. அதுலயும், வந்து உக்காந்ததும் ரெண்டு இலை போடச் சொல்லுவாக.”

“ரெண்டு இலையா!”

பெண்கள் பக்கம் பல முந்தானைகள் வாய்க்குப் போயின. “அத்தை வீட்டுல ரெண்டு இட்லியத் தாண்ட மாட்டாங்களே...” என்று மருமகள் முணுமுணுத்தது மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

வெள்ளைத்துரை நல்ல மனுஷர். அம்மாவைப் புகழ்வதாகத்தான் அவர் நினைப்பு. தேவாசீர்வாதத்துக்கோ அந்த மாடியிலிருந்து அப்படியே மறைந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

ஆயர் குறுக்கிட்டார். “ரெண்டாவது இலை யாருக்குப்பா?”

அவ்வளவு நேரம் சத்தமாகப் பேசிய வெள்ளைத்துரை சட்டென்று தலையைக் குனிந்து, தோள் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

“எனக்குத்தேன் சாமி.”

குரல் மாடிப்படிப் பக்கமிருந்து வந்தது. இருளாயி. ஆஸ்பத்திரி ஆயா. சுகிர்தம்மாளின் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடவே நடந்தவள். கூட்டம் தொடங்கியதிலிருந்து அங்கேதான் நின்றிருந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“நீ சொல்லு இருளாயி” என்றார் தேவாசீர்வாதம். “அம்மா உபவாசம் இருந்தாங்களா, இல்லையா?”

“மொதல்ல நெசமாவே இருந்தாக தம்பி. எனக்கு மட்டும் கடையில சோத்துக்குச் சொல்லிட்டு, அவுக வேப்ப மரத்தடியில பைபிளை விரிச்சுக்கிருவாக. அப்பல்லாம் எங்க ஆளுகளுக்குக் கடைக்குள்ள எடமில்ல. கொல்லையில கழுநீர்த் தொட்டிகிட்ட குந்தித்தேன் திங்கணும். எனக்கு அது பழகிப்போச்சு. நானும் சொன்னதில்ல, அவுகளுக்கும் தெரியாது.”

“அப்புறம்?”

“ஒரு வெள்ளிக்கிழம, தண்ணி கேட்டு அம்மா கொல்லப்பக்கம் வந்துட்டாக. என்னையப் பாத்ததும் அவுக மொகமே மாறிப்போச்சு. விறுவிறுன்னு எங்கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி உள்ள பெஞ்சில உக்கார வெச்சுட்டாக. எனக்கு வெடவெடங்குது. இந்தா, இந்த அண்ணே ஓடியாந்து, ‘அம்மா, இவளத் தனியா உள்ள வெச்சு எலை போட்டா மத்தவுக எந்திரிச்சுப் போயிருவாக. நீங்களும் கூட உக்காந்து சாப்பிட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக. ஆனா, நீங்க உபவாசமாச்சே’ன்னு கையப் பெசைஞ்சாரு.”

வெள்ளைத்துரை துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். ஆயர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க?” என்றார் தேவாசீர்வாதம்.

இருளாயிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

“‘உபவாசத்தைப் பத்தி நான் கர்த்தர்கிட்ட பேசிக்கிறேன் வெள்ளைத்துரை. நீ ரெண்டு இலையாப் போடு’ன்னாக.”