மாப்பிள்ளையின் குரல்

பொந்தின் வாய் அடைபட்டுவிட்டது. ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருந்தது.

அவள் கூண்டுக்கு வெளியிலேயே நின்றாள். கிட்டே போகக் கால் வரவில்லை.

“இருவாச்சி உள்ள போயிப் பூசிக்கிச்சுங்க மேடம். சோடி இல்லாம எதுக்குங்க இப்படிப் பண்ணுது? உங்க லைப்ரரில ஏதாச்சும் எழுதியிருக்குமுங்களா?” என்று கேட்டார் ரங்கராசு. கூண்டைச் சுத்தம் செய்து, பறவைகளுக்குத் தீனி வைப்பவர்.

எழுதியிருந்தது. அந்த உயிரியல் பூங்காவின் நூலகர் அவள்தான். இருவாச்சிக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கி வைத்திருந்தாள்.

பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தைக் குழைத்து வாசலைப் பூசிக்கொள்ளும். குஞ்சு வளரும்வரை வெளியே வராது. ஆண் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டும்.

ஆண் வரும் என்ற நம்பிக்கையில்தான் பெண் உள்ளே போகும்.

இந்தக் கூண்டின் ஆண் போன மழைக்காலத்திலேயே செத்துப்போயிற்று. ரங்கராசு அதை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்.

அதன் குரல் மட்டும் நூலகத்தில் இருந்தது.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போனது. காட்டில் இருவாச்சிகளைத் தேடி அலைபவர்கள் கேட்டால் இவள் அனுப்பிவைப்பாள். அதற்காகத்தான் பத்திரமாக வைத்திருந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்த நூலகத்தை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. புலி பார்க்க வந்தவர்கள் கழிப்பறைக்கு வழி கேட்க மட்டும் தலையை நீட்டுவார்கள். ஒருநாள் அதிசயமாக ஒரு கல்லூரிக் கூட்டம் வந்தது. வந்து, வரிசையாகக் கொட்டாவி விட்டது. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தாள். ஸ்பீக்கரில் மாப்பிள்ளையைக் கத்தவிட்டாள்.

எதிர்க் கூண்டிலிருந்து பதில் வந்தது.

பெண் இருவாச்சி தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வலையில் வந்து மோதியது. அங்கேயே தொற்றிக்கொண்டு ஜன்னலையே பார்த்தது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் யாரும் கைதட்டியதில்லை.

நெஞ்சில் ஏதோ சுருக்கென்றதும் உண்மை. ஆனால் அடுத்த கூட்டம் வந்தபோது ஜன்னல் தானாகத் திறந்துகொள்ளவில்லை. அவள்தான் திறந்தாள்.

அதற்கடுத்த கூட்டத்துக்கும்.

செத்துப்போன புருஷனின் குரலில் ஒரு பறவையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விளையாடியிருக்கிறாள். அந்தத் தட்டில் இருந்த அத்தனை புத்தகத்தையும் படித்தவள். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

ரங்கராசு பப்பாளித் துண்டைக் குச்சியில் குத்திக் கீறலருகே நீட்டினார்.

அலகு வரவில்லை.

நேற்றும் வரவில்லையாம். பூச்சை உடைத்து வெளியே எடுத்துவிடலாமா என்று பக்கத்தில் நின்ற பூங்கா டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். எடுக்கும்போது மிரண்டே உயிரை விட்டுவிடும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. எடுக்காவிட்டால் உள்ளேயே பட்டினி கிடந்து சாகும்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பறவைக்கு ஏதோ கோளாறு என்று எழுதி முடித்துவிடுவார்கள். அவள் அப்படியும் நினைத்தாள். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

“நான்தான் அதைக் கூப்பிட்டேன்” என்றாள்.

சொல்லி முடித்தபோது ரங்கராசு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டரும் திட்டவில்லை. “போய் அந்த ஸ்பீக்கரை எடுத்துட்டு வாங்க” என்றார்.

ஓடினாள். ஓடி வந்தாள். கூண்டுக்குள் நுழைந்து, மரத்தின் பின்னால் ஸ்பீக்கரை வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

மாப்பிள்ளை கத்தியது.

பொந்துக்குள் சரசரவென்று சத்தம்.

கீறலில் அலகின் நுனி வந்தது. திறந்தது. பப்பாளி போன இடம் தெரியவில்லை.

“வாங்கிருச்சுங்க!” என்று கத்திவிட்டு ரங்கராசு வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு நிமிஷம் கோபத்தை மறந்துவிட்டிருந்தார்.

இனி அது தானாகப் பூச்சை உடைத்து வெளியே வரும்வரை இப்படித்தான் ஊட்டவேண்டும். ஒவ்வொரு வேளையும் பொய் சொல்லவேண்டும். டாக்டர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் புரிந்துகொண்டாள்.

உள்ளேயிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. கத்தல் இல்லை. கொஞ்சுவது போல, தாழ்ந்த குரல். நூலகத்தில் இருந்த எந்தப் பதிவிலும் அவள் அதைக் கேட்டதில்லை.

“மாப்பிள்ளை ஊட்டுனா மட்டும் இப்படி மொணங்குமுங்க” என்றார் ரங்கராசு, அவளைப் பார்க்காமலே.

அடுத்த துண்டைக் குச்சியில் குத்தி அவளிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். குச்சியைக் கீறலருகே கொண்டுபோனாள்.

கீறலுக்குள் ஒரு கண் தெரிந்தது.

அவள் சட்டென்று மரத்தோடு ஒட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டாள்.

குச்சியை மட்டும் அசையாமல் பிடித்திருந்தாள்.