இந்தத் தடவை மசாலா கிடையாது

கொல்லையில் மிச்சமிருந்த கடைசி மிளகாய்ச் செடியையும் ராபியா வேரோடு பிடுங்கி எறிந்தாள். பார்த்துக்கொண்டிருந்த மாமியார் ஹாஜரா பீவி பதறி ஓடி வந்தாள்.

"ஏட்டி, பைத்தியமா பிடிச்சிருக்கு? என் மாமியா தந்த விதைட்டி அது! தென்காசி பூரா அலைஞ்சாலும் இந்தக் குண்டு மிளகாய் கிடைக்குமா?"

"கிடைக்காது மாமி. அதாம் பிடுங்குதேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏறிட்டுப் பார்த்துப் பேசாத பெண். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இங்கே கொல்லை கொள்ளவில்லை.

ஹாஜரா பீவியின் மகன் முஃபீத் துபாயில் இருந்தான். ஊரிலிருந்து யார் விமானம் ஏறினாலும், இந்த மிளகாயை வறுத்து இடித்த கறி மசாலா அவனுக்குப் போய்விடும். "வீட்டுல இருக்குத மாதிரியே இருக்கு" என்று சப்புக்கொட்டுவான். எப்போது வருகிறாய் என்று கேட்டால் மட்டும், "அடுத்த வருஷம்" என்பான். அந்த வருஷம் வருவதாகத் தெரியவில்லை.

இன்று கிளம்புகிறவன் ராபியாவின் தம்பி அஹ்சன். அவனுக்கும் துபாயில்தான் வேலை. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகும் கார் வாசலில் நின்றது. மசாலா டப்பாவோ அடுப்படியில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

"அவனை வெறுங்கையோட அனுப்பாதட்டி. எம்பிள்ளை நாக்கு செத்துப் போயிரும்."

"போகட்டும். இனிமே இந்த வீட்டுலயிருந்து ஒரு சிட்டிகை போகாது."

ஹாஜரா பீவி மகனுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "உம் பொண்டாட்டி பண்ணுத அநியாயத்தைக் கேளுலே!"

விஷயம் தெரிந்ததும் முஃபீத் கெஞ்சினான். "ராபியா, இந்த ஒரு தடவை குடுத்துவிடு. அடுத்த வருஷம் கண்டிப்பா வாரேன்."

"அது கிடக்கட்டும். உங்க மொட்டை மாடில வெயில் விழுமா?"

"மண்டையப் பொளக்கும். துபாயில வெயிலுக்கா பஞ்சம்? இப்ப எதுக்கு அது?"

"கேட்டியாலே எகத்தாளத்தை!" என்று ஹாஜரா பீவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ராபியா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது புர்கா போட்டிருந்தாள். ஒரு கையில் பெரிய பெட்டி. மறு கையில், சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைத்திருந்த மிளகாய் விதை.

ஹாஜரா பீவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ராபியா வாசுதேவநல்லூரில் இருக்கும் தன் உம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். விதையையே அள்ளிக்கொண்டு போகிறவள் திரும்பி வரவா போகிறாள்? மகன் வாழ்க்கை போச்சு.

நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து மறித்தாள். "விதைய எங்கன கொண்டு போற? அது இந்தக் குடும்பத்துச் சொத்து."

"குடும்பம் எங்கன இருக்கோ அங்கன கொண்டு போறேன். ஹுஸ்னாகிட்ட சொல்லிட்டேன், இன்னைக்கே உங்களுக்குத் துணையா வந்துருவா. வழிய விடுங்க மாமி."

மகள் ஹுஸ்னாவும் இதற்கு உடந்தையா? ஹாஜரா பீவிக்குக் கை தானாகக் கீழே இறங்கியது. ராபியா அவளைத் தாண்டிப் போய்க் காரில் தம்பி பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

போனில் முஃபீத் அலறினான். "ராபியா! கோவத்துல உம்மா வீட்டுக்குப் போயிராத. மசாலாவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீ இருந்தாப் போதும்!"

ராபியா காருக்குள்ளிருந்து கையை நீட்டி, பின்னாலேயே வந்த மாமியாரிடமிருந்து போனை வாங்கினாள்.

"அஹ்சன் எனக்கு விசா எடுத்துட்டான். துபாய் ஏர்போர்ட்டுக்கு வந்துருங்க மச்சான். பொடி வரல, இடிக்கிறவ வாரேன்!"